துடைக்காமல் விட்ட எண்ணெய்

சிபா ஊரின் மூங்கில் காட்டு மைதானத்தில் குசுமி தொகுஜியை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. டாக்டர் என்றால்தான் திரும்புவார். ஐம்பத்து மூன்று வயது. வாரம் முழுக்க சோயா சாஸ் தொழிற்சாலையில் பாட்டில் நிரப்பும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டு. ஞாயிறானால் பொம்மைத் துப்பாக்கியால் பிளாஸ்டிக் குண்டு சுட்டு ஆடும் சண்டை விளையாட்டு. அவருடைய அணியில் ஆறு பேர். ஆறு பேருடைய மின்சாரத் துப்பாக்கிகளும் சனிக்கிழமை சாயங்காலம் அவர் மேசைக்கு வந்துவிடும். பேட்டரியைக் கழற்றி, பற்சக்கரங்களுக்கு கிரீஸ் போட்டு, குழலைத் துடைத்துக் கொடுப்பார். அவர் துடைத்த குழலில் முகம் பார்த்துச் சவரம் செய்யலாம் என்று கேலி பேசுவார்கள். அதைக் கேட்க அவருக்குப் பிடிக்கும்.

அந்தச் சனிக்கிழமை அணித் தலைவர் ஓனுகியின் துப்பாக்கி கடைசியாக வந்தது. சிலிகான் எண்ணெய் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றிக் குழலுக்குள் விட்டு எடுத்தார். அடுத்து காய்ந்த துணியால் இரண்டு முறை துடைக்க வேண்டும். குழலின் அடியில் சின்ன ரப்பர் ஒன்று இருக்கிறது; குண்டைப் பின்பக்கமாகச் சுழற்றி, நெடுந்தூரம் மிதக்க வைப்பது அதுதான். அதில் எண்ணெய் ஒட்டினால் போச்சு, குண்டு பாதி வழியிலேயே விழும்.

"தண்ணி ஆறுதுங்க! அந்தப் பொம்மைய வச்சிட்டு வாங்க. உங்களுக்கு அப்புறம் நான் குளிக்க வேணாமா?" என்று மனைவி ஃபுசாயே குளியலறையிலிருந்து கத்தினாள்.

போய்க் குளித்துவிட்டு வந்தவர், துடைத்தாயிற்று என்ற நினைப்பில் பாகங்களைச் சேர்த்துத் துப்பாக்கியைப் பூட்டிவிட்டார்.

காலையில் மைதானத்தின் வேகச் சோதனையில் துப்பாக்கி தேறிவிட்டது. தேறாமல் என்ன செய்யும்? குழலை விட்டு வெளியேறும் வேகத்தைத்தான் அந்தக் கருவி பார்க்கும். எவ்வளவு தூரம் போய்ச் சேருகிறது என்பதைப் பற்றி அதற்கு என்ன கவலை!

அந்த விளையாட்டில் நடுவர் எல்லாவற்றையும் பார்க்க முடியாது. குண்டு பட்டால் பட்டவரே "ஹிட்" என்று கத்தி, கையைத் தூக்கிக்கொண்டு வெளியேற வேண்டும். பட்டும் படாத மாதிரி ஓடுகிறவர்களுக்கு ஜோம்பி என்று பெயர். அங்கே அதைவிடக் கேவலமான வசவு கிடையாது. சந்தேகம் வந்தால்கூட மைதானக்காரரிடம் ரகசியமாகத்தான் சொல்ல வேண்டும்.

ஓனுகிக்கு அந்தப் பொறுமை ஏது! முதல் ஆட்டம் முடிந்ததும் நாற்பது பேர் முன்னால் ஹோசகா சியே என்ற பெண்ணை மறித்துக்கொண்டார். அவர் தபால் நிலையத்தில் வேலை செய்கிறவர்; எந்த அணியிலும் சேராமல் தனியாக வந்து, தனியாக ஆடிவிட்டுப் போவார்.

"நெஞ்சப் பாத்து முப்பது குண்டு விட்டேன்! ஒண்ணு கூடவா படல? ஜோம்பி வேலையெல்லாம் வேற எங்கயாவது வச்சிக்கங்க!"

"எனக்குப் படலைங்க. பட்டிருந்தா சொல்லியிருப்பேன்."

"அப்போ என் துப்பாக்கி கோளாறா? டாக்டர், நேத்து நீங்கதானே பாத்தீங்க. சொல்லுங்க!"

எல்லாரும் குசுமியைப் பார்த்தார்கள்.

"நல்லாத்தான் இருக்கு" என்றார் குசுமி. அவர் அப்போது அதை நம்பித்தான் சொன்னார்.

ஹோசகா சாமான்களைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். மதியத்துக்கு அவர் சொல்லிவைத்திருந்த கறிச் சோறு தட்டில் அப்படியே இருந்தது.

குசுமி தன் தட்டைத் தள்ளிவைத்தார். ஓனுகியின் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு பயிற்சி வரிசைக்குப் போனார். நாற்பது மீட்டரில் தொங்கும் இரும்புத் தட்டைக் குறிபார்த்துச் சுட்டார். தட்டிலிருந்து சத்தமே இல்லை. குண்டுகள் பாதி தூரத்திலேயே புல்லில் விழுந்தன. பிரித்து, ரப்பரை விரலால் தொட்டார். வழுவழுவென்று எண்ணெய்.

ஓனுகியைத் தனியே இழுத்துப்போய் விரலைக் காட்டினார். "தப்பு என்னோடது. அந்தம்மாவுக்குப் பட்டிருக்கவே முடியாது."

"ஐயோ, சாமி! சத்தம் போடாதீங்க. நாற்பது பேர் முன்னாடி கத்தித் தொலைச்சிருக்கேன், இப்போ என் மூஞ்சிய எங்க கொண்டுபோய் வச்சிக்கிறது? அவங்களும் போயாச்சு. விடுங்க, ரெண்டு நாள்ல எல்லாரும் மறந்திருவாங்க."

குசுமி வாயை மூடிக்கொண்டார். கோழைத்தனம்தான், வேறென்ன? அந்த வாரம் பாட்டில்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருக்க, 'நல்லாத்தான் இருக்கு' என்ற தன் குரலே காதில் கேட்டுக்கொண்டிருந்தது. ஃபுசாயேயிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தார்.

அடுத்த ஞாயிறு, காலையில் விதிமுறை சொல்லும் கூட்டத்தில் அவர் எழுந்து நின்றார்.

"போன வாரம் ஹோசகா சானுக்குக் குண்டு படல. துப்பாக்கிய எண்ணெயோட பூட்டினது நான். நல்லாருக்குன்னு சொன்னதும் நான்தான்." இடுப்பு வரை குனிந்து, நிமிராமல் நின்றார். ஓனுகி ஷூ கயிற்றை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்ததும் மைதானக்காரர் தோகாஷி, குசுமியை ஓரமாக அழைத்துப் போனார்.

"ஹோசகா சான் திங்கட்கிழமையே போன் பண்ணினாங்க, டாக்டர். 'தடிச்ச கோட்டு போட்டிருந்தேன், பட்டது எனக்கே தெரியாமப் போயிருக்கும். நான் மன்னிப்புக் கேட்டேன்னு ஓனுகி சான்கிட்டச் சொல்லிடுங்க, இனிமே வரமாட்டேன்'னாங்க."

"சொல்லிட்டீங்களா?"

"அன்னிக்கே சொல்லிட்டேன். 'சரி, பரவால்ல, மன்னிச்சிட்டேன்'னாரு."