சிறுமியின் உயரம் 112 செ.மீ.

சண்முகவேல் வரையும் டைனோசர் ஒவ்வொன்றின் காலருகேயும் ஒரு சிறுமி நிற்பாள். விலங்கு எவ்வளவு பெரியது என்பது புரிய, பக்கத்தில் ஓர் ஆளை நிறுத்துவது இவ்வகைப் படங்களில் வழக்கம். அவர் நிறுத்தியது தன் மகள் கனிஷ்காவை.

எடப்பாடியில் தறிச் சேலைகளுக்குக் கட்டத்தாளில் டிசைன் போட்டுக்கொண்டிருந்தவர். புள்ளி புள்ளியாக மை வைத்துப் பாறையின் சொரசொரப்பையும் விலங்கின் தோலையும் கொண்டுவரும் கை அங்கே பழகியது. நாங்கள் சிறுவர்களுக்காகத் தயாரிக்கும் நிலவியல் நூலுக்கு அவர் முதல் படம் வரைந்தபோது, கனிஷ்கா கதவுநிலையில் ஒட்டி நின்று அளவு கொடுத்தாள். நூற்றுப் பன்னிரண்டு சென்டிமீட்டர். எல்லாப் படங்களின் கீழும் அந்த எண்ணையே அச்சிடுவது என்று முடிவானது. மறு மாதம் காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகும் படங்களில் அவளே நின்றாள்.

கடைசிப் படத்தை வாங்க நான் போயிருந்தேன். எங்கள் வீட்டில் முதலில் பட்டம் வாங்கியவள் நான், படித்தது நிலவியல். படங்களின் அளவு சரிபார்ப்பது என் வேலை.

அவர் மனைவி ரஞ்சிதா படத்தை எட்டிப் பார்த்துச் சிரித்தார். "பாருங்கம்முணி, எத்தன தெகிரியமா நிக்கறா! நெசத்துல பக்கத்து ஊட்டுச் சேவலக் கண்டாலே எம்மேல ஏறிக்குவா."

"சேவலும் இதுக வம்சந்தானுங்க்கா," என்றேன்.

"அப்பப் புள்ள பயந்தது நாயந்தான்," என்றார் சண்முகவேல்.

அளவுகோலை வைத்தேன். விலங்கு சரியாக இருந்தது. விகிதப்படி சிறுமி நூற்று இருபத்து நாலு வந்தாள். பையிலிருந்த பழைய படங்களையும் எடுத்து அளந்தேன். படத்துக்குப் படம் நூலளவு உயர்ந்திருந்தாள்; இதுவரை விலங்கை மட்டுமே அளந்து வந்ததால் எனக்குப் பட்டதில்லை.

"அண்ணா, பாப்பா ஒசந்துட்டாளே."

"ரெண்டு வருசமாச்சுங்களே அம்முணி," என்றார். "வளரமாட்டாளா?"

நூற்றுப் பன்னிரண்டு என்று அச்சிட்டால், அவளை வைத்துக் கணக்குப் போடும் பிள்ளைக்கு விலங்கு சிறுத்துப்போகும். கல்லூரியில் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவ்வளவுதான்.

"அந்தந்தப் படத்துக்கு ஏத்தாப்புல நம்பரை மாத்திக்கலாங்ணா. இதுக்கு நூத்தி இருவத்தி நாலுன்னு போட்டா யாருக்குந் தெரியாது."

அவர் முகம் மலர்ந்தது. ரஞ்சிதாதான் குறுக்கிட்டார்.

"வேண்டாமுங்க. எம்புள்ள நூத்திப் பன்னெண்டுதான்." கதவுநிலையில் இருந்த பென்சில் கோட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார். "இதுக்கு மேல இல்லீங்க."

சண்முகவேல் பிளேடை எடுத்துத் தலையிலிருந்து கீழ்நோக்கி மையைச் சுரண்டினார். பாறைமேல் ஊன்றிய பாதங்களைத் தொடவில்லை. அவற்றின் மேலேயே அவளைத் திரும்ப வரைந்தார். வழக்கமாக வாயால் ஊதித் தள்ளும் தூளை இன்று உள்ளங்கையில் கூட்டி வைத்துக்கொண்டார்.

"அளந்து பாருங்கம்முணி."

அளந்தேன். நூற்றுப் பன்னிரண்டு. தலையை ஆட்டிவிட்டு, பழைய படங்களையும் அவர் பக்கம் நகர்த்தினேன்.