அர்ச்சனை அவர் பெயரில், விபத்து யார் பெயரில்?

இன்று கனடாவின் மார்க்கம் நகரக் கோயில் பார்க்கிங்கில் ஒருவர் தன் புதுக் காருக்குப் பூசை செய்தார். தானே ஓடும் கார். ஐயர் சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்ததும் அந்த அண்ணை ஏறி ஓட்டவில்லை. எல்லோரும் பார்க்க, வெளியே நின்றபடி போனை அழுத்தினார்.

கார் பழங்களை நசித்தது. நிற்கவில்லை. எதிரே நின்ற என் காரின் கதவையும் நசித்தது.

"அண்ணை, உங்கடை இன்சூரன்ஸ் விபரத்தைத் தாங்கோ."

"நான் ஏன் பிள்ளை தரவேணும்? நானோ ஓடினனான்? கார் தானாத்தானே ஓடினது. செய்த கொம்பனியைக் கேளும்."

"போனை அமத்தினது ஆர்?"

"அமத்தினது நான்தான். நிக்காதது கொம்பனியின்ரை பிழை."

வீடியோ எடுத்துக்கொண்டிருந்த அவர் மனைவி, "நீரும் உம்மடை காரைக் கொஞ்சம் தள்ளி விட்டிருக்கலாம்" என்றார். நான் என் இன்சூரன்ஸுக்கு அழைத்தேன்.

என் இன்சூரன்ஸ்காரர் போனில் முதலில் கேட்டது, மற்றக் காரை ஓட்டியவரின் பெயர். சற்று முன் அர்ச்சனையில் ஐயர் உரக்கச் சொன்ன பெயரையே கொடுத்தேன்.

ஓட்டியது கொம்பனி என்றால் அர்ச்சனையையும் கொம்பனி பெயரிலேயே செய்திருக்கலாமே? அதன் நட்சத்திரம் தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள்.