ஆணி அடிக்காத சந்தூக்கு

என் அத்தாவை, என் தகப்பனைத் தூக்கிப்போன அன்று சந்தூக்கு விட்டுக்கொண்டது. சந்தூக்கு என்பது மய்யித்தை, அதாவது இறந்தவரின் உடலைக் கிடத்தி நாலு பேர் தோளில் சுமக்கும் மரப்பெட்டி. பள்ளிவாசலுக்குச் சொந்தமானது. ஜமாத்தில் யார் இறந்தாலும் அது ஒன்றுதான். மேற்குத் தாம்பரத்தில் எங்கள் தெருமுனையில் குழாய் போடத் தோண்டிய பள்ளத்தில் முன்னால் சுமந்தவரின் கால் இறங்கியது. பெட்டியின் வலது மூலை கிறீச்சிட்டுப் பிரிந்தது. நான் அடியில் கையைக் கொடுத்து, அடக்கம் செய்யும் மையவாடி வரைக்கும் அந்த மூலையைத் தாங்கிக்கொண்டே நடந்தேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது.

அடக்கம் முடிந்ததும் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அந்த ஒரு மூலையில் மட்டும் பதினோரு ஆணி. ஒவ்வொன்றும் ஏதோ ஒரு மவுத்து, சாவு விழுந்த அன்று அவசரத்தில் அடித்தது. சாதாரண நாளில் சந்தூக்கை யாரும் தொட மாட்டார்கள். தொட்டால் அடுத்த ஆளைக் கூப்பிடுகிற மாதிரி ஒரு பயம். மார்க்கத்தில் அப்படி எதுவும் இல்லை என்று பள்ளிவாசல் இமாம் ஹஜ்ரத்தே சொன்னார். எல்லோரும் தலையை ஆட்டினார்கள். ஒருவரும் சுத்தி எடுத்துக்கொண்டு வரவில்லை. ஆளுக்கொரு செல்போன் வந்துவிட்ட காலத்திலும் அந்தப் பயம் போகவில்லை.

நான் குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். ஞாயிற்றுக்கிழமை மட்டும் தச்சன். கார் இல்லாத கார் ஷெட்டுதான் பட்டறை. பல்லாவரம் சந்தையில் வாங்கிய பழைய இழைப்புளி, நாலு உளி, ஒரு டிரில் மிஷின். அதுவரைக்கும் செருப்பு ஸ்டாண்டு, அடுப்படி அலமாரி, ஒரு தொட்டில் செய்திருந்தேன். எதுவும் ஆடாது.

ஜமாத் செயலாளரிடம் போனேன்.

"பாய், அந்தப் பெட்டியக் குடுங்க. ரெண்டு நாள்ல சரி பண்ணித் தரேன்."

"இப்ப யாருக்கு?"

"யாருக்கும் இல்ல. அதனாலதான் கேக்கறேன்."

"சும்மா கெடக்கறத எதுக்குப் போய் நோண்டறே? அடுத்த மவுத்து வரட்டும், பாத்துக்கலாம்."

"அது உங்க வூட்டு மவுத்தா இருந்தா?"

அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன். அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். சரி, புதிதாகவே செய்வது என்று முடிவு செய்தேன்.

சிட்லபாக்கம் ஏரிப் பக்கம் ஓட்டு வீடு ஒன்றை பிளாட் கட்ட இடித்துக்கொண்டிருந்தார்கள். ஓட்டைத் தாங்கிய தேக்குக் கட்டைகள் வெளியே கிடந்தன. பல வருஷம் காய்ந்த மரம், இனி முறுக்காது. வீட்டுக்காரர் அந்த ஊர்ப் பழைய விவசாயக் குடும்பம். எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

"எங்க பாடைக்குப் பச்ச மூங்கில வெட்டிக் கட்டினாப் போதும் பாய். அங்கியே போட்டுட்டு வந்துருவோம். நீங்க திரும்பக் கொண்டாறணுமே. கெட்டிக் கட்டையாப் பாத்து எடுத்துக்கோங்க" என்றார். என் ஜமாத்தில் ஒருவருக்கும் இவ்வளவு தெளிவு இல்லை.

வேலையைத் தொடங்கியதும் என் மனைவி சொன்னாள்: "ஏங்க, யாரு கேட்டாலும் அலமாரின்னு சொல்லிடுங்க." பக்கத்து வீட்டு அக்கா கேட்டார். உள்ளதைச் சொன்னேன். அன்றிலிருந்து ஷெட்டைப் பார்த்த அவர் வீட்டு ஜன்னல் திறக்கவில்லை.

ஆணியே கூடாது என்பது என் கணக்கு. ஒரு கட்டையின் நுனியை நாக்கு மாதிரி செதுக்கி, இன்னொரு கட்டையில் வெட்டிய துளைக்குள் இறக்க வேண்டும். முதல் நாக்கு தளர்வாகப் போனது. தீப்பெட்டி அட்டையின் கனம்தான் இடைவெளி. பசையில் மரத்தூளைக் குழைத்து அடைத்தால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியுமே. அறுத்துத் தூர எறிந்தேன். பென்சில் கோடு தடிமன் என்று அதன்பிறகு புரிந்தது. பிளேடால் கீறி, கோட்டுக்கு வெளியே அறுத்து, மிச்சத்தை உளியால் சீவினேன். பாதி தூரம் கையால் இறங்க வேண்டும், மீதி சுத்தியால் தட்டித்தான் இறங்க வேண்டும். அதுதான் பொருத்தம். பிறகு குறுக்கே ஓட்டை போட்டு மூங்கில் குச்சி அடித்தேன். நாக்கில் இருக்கும் ஓட்டையை மட்டும் நாக்கு தொடங்கும் பக்கமாக நூலளவு தள்ளிப் போட்டால், குச்சி இறங்க இறங்க இரண்டு கட்டையும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். இரண்டு குச்சி உடைந்தன. மூன்றாவது உடையவில்லை. தோளில் உட்காரும் இடங்களை உருட்டி இழைத்தேன். பழைய பெட்டியின் கூர் விளிம்பு எத்தனை தோளைக் கன்ற வைத்திருக்கிறது என்று ஒருவர்கூடச் சொன்னதில்லை.

மூன்று மாதம் ஆனது. செயலாளர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"நல்லாத்தான் கீது. ஆள வெச்சுத் தூக்கிப் பாத்தியா? நடுரோட்ல வுட்டா ஜமாத்து மானம் போயிடும்."

நியாயமான கேள்வி. கூட வந்தவர்கள் அரிசி மூட்டை வைக்கலாம் என்றார்கள். மூட்டை விழுந்த இடத்தில் அப்படியே கிடக்கும், மனுஷ உடம்பு சரியும். படுக்க ஒருத்தரும் முன்வரவில்லை. நானே ஏறிப் படுத்தேன். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனாள். அவள் தம்பியும் இன்னும் மூன்று பேரும் தூக்கினார்கள்.

"இன்னா மச்சான், சௌகரியமா கீதா?" என்றான் அவள் தம்பி.

"பேசாம நட. நல்லா குலுக்கி நட."

"பேசாம இருக்க வேண்டியது நீ."

தெருவில் சிரித்தார்கள். வேகத்தடை மேல் ஏற்றி இறக்கினார்கள். வேண்டுமென்றே தோள் மாற்றினார்கள். செயலாளர் மூலையில் காதை வைத்துக்கொண்டே கூட நடந்தார். கீழே இறக்கியதும், "பள்ளிக்குக் கொண்டாந்துடு" என்றார். அவ்வளவுதான்.

முதலில் அதில் போனவர் எங்கள் தெரு பிரியாணி மாஸ்டர். நூறு கிலோவுக்கு மேல் இருப்பார். அன்று மழை, தெருவெல்லாம் சேறு. ஆளாளுக்குத் தோள் கொடுக்க முண்டியடித்தார்கள். அப்படித் தோள் மாற்றும்போதுதான் பெட்டி அதிகமாக உலுக்கப்படும். நான் தோள் கொடுக்கவில்லை. மூலைக்குப் பக்கத்திலேயே நடந்தேன். ஒருவர் சேற்றில் சறுக்கினார், பெட்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் கை தானாக மூலைக்கு அடியில் போனது. மரம் ஒரு சத்தமும் போடவில்லை. மாஸ்டரின் மகன் கடைசிவரைக்கும் தரையைப் பார்க்காமல் தன் அத்தாவைப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

மையவாடியில் இறக்கி வைத்ததும் செயலாளர் தோளைத் தடவிக்கொண்டார்.

"பரவால்ல, லேசாத்தான் செஞ்சிருக்கே."

"லேசு இல்ல பாய். பழசவிட நாலு கிலோ கூட. ஆடல, அதான் லேசாத் தெரியுது."

மவுத்து வீட்டுக்காரர்கள் நிற்கும் இடத்தில் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். மூன்று மாத ஞாயிற்றுக்கிழமை அது. சொல்லத்தான் செய்வேன்.