தண்ணீர் இல்லாத மே மாதங்கள்

அக்கா இறந்த செய்தி வந்தபோது நான் ரெகுலேட்டர் மதகில் ஷட்டரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். ஆற்றுப் பாசனத்தில் லஸ்கர் வேலை எனக்கு. மதகைத் திறப்பதும் மூடுவதும், தண்ணீர் எத்தனை அடி வருகிறது என்று பார்த்து மேலே சொல்வதும்தான். கைபேசி சாப்பாட்டுப் பையோடு பாலத்துச் சுவரில் இருந்தது. விடாமல் அடித்த பிறகே காதில் விழுந்தது. அக்காவின் மகள் பிரிசில்லா பேசினாள்.

"மாமா, அம்மா அடுப்படியில விழுந்துட்டாங்க. கூப்பிட்டா பேச மாட்டேங்கிறாங்க. சீக்கிரம் வாங்க மாமா."

ஷட்டரைப் பாதியில் விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். குடவாசல் ஆஸ்பத்திரிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. மாரடைப்பு என்றார்கள். முந்தின நாள் மாலை இருட்டும்வரை என்னோடு ஆற்றில் நின்றவர். ஈரத் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு, "நாளைக்குச் சீக்கிரம் வாடா, கதை அளந்துகிட்டு நிக்காத" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு நடந்தவர்.

எங்கள் மாதா கோயில் பங்கில் அக்காவைத் தெரியாதவர்கள் குறைவு. ஜெசிந்தா மேரி என்று கேட்டால் யோசிப்பார்கள். 'சேற்றில் ஓடுகிற நர்ஸம்மா' என்று கேட்டால் உடனே வீட்டுக்கு வழி சொல்லிவிடுவார்கள். அவரைத் தெரியாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அவர், இவர் என்று எழுதுவது எனக்கே கூச்சமாக இருக்கிறது. ஆறு வயது மூத்தவர் என்றாலும் நேரில் ஒருநாளும் நான் 'நீ' என்பதைத் தாண்டிக் கூப்பிட்டதில்லை. செத்த பிறகுதான் மரியாதை கொடுக்கிறாயா என்று அவரே கேட்பார்.

எங்கள் வீட்டுக் கொல்லையைத் தாண்டி இரண்டு வயல் நடந்தால் ஆறு. காவிரியிலிருந்து பிரிந்து வருகிற கிளைதான் என்றாலும், தண்ணீர் வந்துவிட்டால் பாலத்தின் கால்கள் பாதி மறைந்துவிடும். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் தம்பியும் பாலத்திலிருந்து குதிப்போம். அக்கா எங்கள் சட்டை டவுசரை மடியில் வைத்துக்கொண்டு படித்துறையில் உட்கார்ந்திருப்பார். பெரியவளான பெண் ஆற்றில் இறங்கக் கூடாது என்பது அப்பாவின் உத்தரவு. அதற்கு முன்பும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு மூன்று முழுக்குப் போட்டதோடு சரி. "ரொம்ப ஆடுனீங்கன்னா துணியத் தூக்கிகிட்டுப் போயிடுவேன். அம்மணமா வீட்டுக்கு வாங்க" என்று மேலிருந்து மிரட்டுவார். ஒருநாள், "உள்ள என்னடா இருக்கு? இப்படி விழுந்து விழுந்து போறீங்க" என்று கேட்டார். "தண்ணிதான் இருக்கு" என்றேன். விளையாட்டுப் பையன் சொன்ன பதில்தான்.

அக்கா தஞ்சாவூரில் நர்சிங் படித்தார். கல்யாணம் ஆகி, பிரிசில்லா பிறந்த பிறகு, தொண்ணூறுகளின் நடுவில் மஸ்கட்டுக்குக் கிளம்பினார். எங்கள் தெருவிலிருந்து யாராவது ஒருவர் வளைகுடாவுக்கோ சிங்கப்பூருக்கோ பெட்டி கட்டிக்கொண்டே இருந்த காலம் அது. மச்சான் இங்கே குத்தகை நிலத்தைப் பார்த்துக்கொண்டார். குழந்தையை எங்கள் அம்மா வளர்த்தார். அக்கா வருடத்துக்கு ஒருமுறை, பிரிசில்லாவுக்குப் பள்ளி விடுமுறை விடுகிற மே மாதத்தில் வருவார். வேறு மாதத்தில் வந்தால் மகளோடு இருக்க முடியாதே.

எங்கள் ஊரை அறிந்தவர்களுக்கு மே மாதத்து ஆறு எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. தை மாதத்தோடு அணையை மூடிவிடுவார்கள். சித்திரையில் பையன்கள் ஆற்றுமணலில் ஸ்டம்பு நட்டு கிரிக்கெட் ஆடுவார்கள். ஜூனில் அணை திறந்து, தண்ணீர் எங்கள் மதகுக்கு வருவதற்குள் அக்காவின் லீவு முடிந்துவிடும். ஊருக்கே தண்ணீர் வரும் நாளைச் சொல்கிற எனக்கு, அக்காவிடம் மட்டும் சொல்ல ஒன்றும் இருந்ததில்லை. "நான் ஏர்போர்ட் போனதும்தான்டா உங்க ஆத்துக்குத் தண்ணி விடுவானுவ" என்று திட்டுவார். அப்படியே இருபது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அவ்வளவு காலமும் எங்கள் அக்கா தன் ஊர் ஆற்றில் தண்ணீரைப் பார்த்ததில்லை.

பந்தயம் நடுவில்தான் வந்தது. அக்காவோடு வேலை பார்த்த பிலிப்பைன்ஸ் நாட்டு நர்ஸ் ஒருத்தி, குளிர்காலத்தில் நடக்கும் தடைப் பந்தயம் ஒன்றுக்கு இழுத்துக்கொண்டு போனாளாம். ஓட்டப் பந்தயம்தான், ஆனால் வழியெல்லாம் தடைகள். ஆள் உயரச் சுவரை ஏற வேண்டும், முள்கம்பிக்கு அடியில் ஊர வேண்டும், கயிற்றில் ஏறி உச்சியில் இருக்கிற மணியை அடிக்க வேண்டும். பாலைவனத்தில் லாரி லாரியாகத் தண்ணீர் கொண்டுவந்து கொட்டிச் சேறு பண்ணி வைத்திருப்பார்களாம். "நம்ம ஊருல சும்மா கெடக்குறத அங்க காசு போட்டுச் செய்யிறான்டா" என்று அக்கா வீடியோவில் சிரித்தார். அப்போது அவருக்கு நாற்பத்தைந்து தாண்டியிருந்தது. முகமெல்லாம் சேறு. பல் மட்டும் தெரிந்தது. மச்சான் எட்டிப் பார்த்துவிட்டு, "இவளுக்கு வயசு ஏறுதா எறங்குதா?" என்றார்.

சேற்றில் அக்காவை யாராலும் முந்த முடியவில்லை. மற்றவர்கள் காலைத் தூக்கித் தூக்கி வைத்துப் புதைந்துகொண்டிருக்க, இவர் வயலில் நடப்பது போலப் பாதத்தைச் சரித்து வைத்துப் போய்க்கொண்டே இருப்பாராம். கயிற்றில்தான் ஒரு வம்பு. தென்னை மரம் ஏறுகிறவர்கள் காலில் தளை மாட்டுவதைப் பார்த்து வளர்ந்தவர் அல்லவா? துண்டை முறுக்கிக் காலில் மாட்டிக்கொண்டு விறுவிறுவென்று ஏறி மணியை அடித்துவிட்டார். வெளிப்பொருள் பயன்படுத்தியதாகச் சொல்லி நடுவர் அதைக் கணக்கில் எடுக்கவில்லை. "வெளிப்பொருளாம்! எங்க ஊருல பொறந்த கொழந்தைக்கும் தெரியும் இதுதான் முறைன்னு" என்று போனில் எனக்கு ஒரு மணி நேரம் வழக்கு நடத்தினார். நானும் ஜட்ஜைப் போலக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஆனால் ஒவ்வொரு பந்தயத்திலும் ஒரு தடையை மட்டும் அக்கா தாண்டியதில்லை. பெரிய தண்ணீர்க் குழி ஒன்று இருக்கும். அதன் நடுவே ஒரு பலகைச் சுவர். அதற்கு அடியில் முங்கி அந்தப் பக்கம் எழ வேண்டும். முடியாதவர்கள் சுற்றிக்கொண்டு போகலாம். அதற்குத் தண்டனையாகத் தரையில் குப்புற விழுந்து எழுந்து குதிக்க வேண்டும், மூச்சு வாங்குகிற அளவுக்கு. அக்கா வருடா வருடம் குழியின் விளிம்புவரை ஓடிப்போய் நிற்பார். பிறகு சுற்றிப் போய்த் தண்டனையைச் செய்வார். முடித்தவர்களுக்கெல்லாம் மெடல் உண்டு. ஆனால் அந்த மெடல்களின் நாடாவை உருவி வீட்டில் கொசுவலை கட்டியிருந்தார். "ஏங்க்கா இப்படி?" என்று கேட்டேன். "சுத்திப் போனவளுக்கு எதுக்குடா மெடலு? ஆத்தங்கரையில பொறந்தவ தண்ணியப் பாத்துப் பயந்து நிக்கிறேன். அங்க உள்ளவளுவ சிரிக்கிறாளுவ" என்றார். அன்று அவர் சிரிக்கவில்லை.

"ஊருக்கே வந்துடுறேன். தண்ணி வர்றப்ப இருக்கேன். நீ கத்துக் குடு" என்று அப்போதே என்னிடம் சொன்னார். இந்த வருடம் வேலையை விட்டுவிட்டு வந்தார். மே மாத விமானத்தில்தான் வந்தார். ஆனால் திரும்பிப் போகும் டிக்கெட் இல்லை. தை மாதம் சென்னைப் பக்கம் அதே மாதிரி பந்தயம் ஒன்று நடப்பதாகக் கண்டுபிடித்துப் பெயரும் கொடுத்துவிட்டார். இந்தத் தடவை சுற்றிப் போவதில்லை என்பதில் உறுதியாக இருந்தார்.

என்ன சொல்ல? இந்த வருடம் பார்த்து ஜூனில் அணை திறக்கவில்லை. தண்ணீர் போதாது என்றார்கள். அக்கா தினமும் காலையில் ரெகுலேட்டருக்கு வந்து, நான்தான் தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பது போல என்னை முறைப்பார். ஆடிப் பெருக்குக்கு ஊர்ப் பெண்கள் குழாயடியில் பூவைப் போட்டுவிட்டுத் திரும்பினார்கள். அதற்குள் அக்கா மற்றப் பயிற்சிகளைச் செய்துகொண்டிருந்தார். பம்புசெட் வைத்திருந்தவர்கள் குறுவை நடுகிற நேரம். உழுது போட்ட சேற்று வயலில் அவர் குப்புறப் படுத்து ஊர்ந்ததைப் பார்த்து நடவுக்காரப் பெண்கள் நாற்றைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள்.

"ஏங்க நர்ஸம்மா, காசு குடுத்துச் சேத்துல எறங்குறீங்களாமே? எங்ககூட வாங்க, நாங்க கூலியே வாங்கித் தர்றோம்!"

அக்கா எழுந்து அவர்களோடு வரிசையில் நின்று நட்டார். அவர் நட்ட வரிசை பாம்பு போன மாதிரி கோணிக்கொண்டு போனது. "நீங்க ஓடவே ஓடுங்கம்மா" என்று அவர்களே அனுப்பிவிட்டார்கள்.

ஆவணி முடிகிற நேரத்தில் தண்ணீர் வந்தது. செய்தி தெரிந்ததும் நான் முதலில் கூப்பிட்டது அக்காவைத்தான். மணலை நனைத்துக்கொண்டு, சருகையும் குப்பையையும் தள்ளிக்கொண்டு முதல் தண்ணீர் மதகுக்கு வந்தபோது, அவர் பாலத்தின் மேல் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மூக்கைத் துண்டால் துடைத்துக்கொண்டார். நான் பார்க்காதது போல இருந்துவிட்டேன்.

தண்ணீர் தெளிந்து நிதானப்பட்ட பிறகு, தினமும் மாலையில் படித்துறையில் பாடம் தொடங்கியது. சுடிதாரோடு இடுப்பளவு தண்ணீரில் நின்றவரைப் பாலத்திலிருந்து வேடிக்கை பார்த்தவர்கள், "என்ன லஸ்கரு, அக்காவுக்கு இப்பதான் ஞானஸ்நானமா?" என்று கத்தினார்கள். "உங்களுக்கெல்லாம் குடுத்ததே வேஸ்டு" என்று அக்கா திருப்பிக் கத்தினார்.

முங்குவதற்கு முன்னால் மிதக்கத் தெரிய வேண்டும். தண்ணீர் தூக்கும் என்று உடம்பு நம்ப வேண்டும். மல்லாந்து படுக்கச் சொல்லி, முதுகுக்கு அடியில் கையைக் கொடுத்தேன். இறுகிப்போய்க் கட்டை மாதிரி கிடந்தார். "கைய எடுக்கக் கூடாது. நான் சொன்னாத்தான் எடுக்கணும். வேளாங்கண்ணி மாதா மேல சத்தியம் பண்ணு" என்றார். இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு சத்தியம் செய்தேன். அதை நான் மதித்தும் வந்தேன். கை மரத்துப்போனாலும் எடுத்ததில்லை.

கடைசி மாலையில் என்ன நடந்தது என்பதைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன். அக்கா மல்லாந்து கிடந்து, பிரிசில்லாவுக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டைப் பற்றி ஏதோ பேசிக்கொண்டிருந்தார். வானத்தைப் பார்த்தால் கண் கூசுகிறது என்று கண்ணை மூடியிருந்தார். அப்போது மேலேயிருந்து ஆகாயத்தாமரைக் கூட்டம் ஒன்று மிதந்து எங்களை நோக்கி வந்தது. அவர் முகத்தில் இடித்துவிடுமே என்று இரண்டு கையாலும் அதைத் தள்ளிவிட்டேன். தள்ளிய பிறகுதான் உறைத்தது, என் கை அவருக்கு அடியில் இல்லை. பதறிப்போய்த் திரும்பினேன். அக்கா அப்படியே கிடந்தார். மாப்பிள்ளையின் அம்மா அதிகம் பேசுகிறாள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். கழுத்து இறுகவில்லை, கால் அமிழவில்லை. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். என் கண்ணில் தண்ணீர் வந்தது. வெகு நேரம் அப்படியே போனது. பிறகு, சத்தியத்தை மீறிவிட்டேன் என்று தெரிந்தால் என்னை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாரே என்று மெதுவாகக் கையை மறுபடியும் அடியில் கொண்டுபோய் வைத்தேன்.

கண்ணைத் திறந்து எழுந்து நின்றவர் சொன்னார்: "இன்னிக்கு உன் கை உறுத்தவே இல்லடா. நாளைக்கும் இப்படியே புடி."

அப்போதே சொல்லியிருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, மச்சானையும் பிரிசில்லாவையும் கரையில் நிறுத்தி, எல்லோரும் பார்க்கச் சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அக்காவின் முகம் எப்படி மாறும் என்று பார்க்க ஆசைப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அந்தப் போன் வந்துவிட்டது.

கல்லறைத் தோட்டத்தில் பெட்டியைக் கயிற்றில் இறக்கும்போது நான் குழியின் ஓரத்தில் மண்டியிட்டு அடியில் கையைக் கொடுத்திருந்தேன். எதற்காகக் கொடுத்தேன் என்று எனக்கே தெரியாது. "கைய எடுங்கண்ணே, நசுங்கிடும்" என்றார் குழி வெட்டியவர். எடுக்க மனம் வரவில்லை. மச்சான் வந்து என் தோளைப் பிடித்து நகர்த்தினார்.

ஏழாம் நாள் பிரிசில்லா கேட்டாள்: "அம்மா கொஞ்சமாவது கத்துக்கிட்டாங்களா மாமா?" நடந்ததைச் சொன்னேன். "இத அம்மாகிட்ட சொன்னீங்களா?" என்றாள். இல்லை என்று தலையாட்டினேன். அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள்.

நேற்றும் மாலையில் படித்துறைக்குப் போனேன். ஆறு நிறையப் போய்க்கொண்டிருக்கிறது. என் சட்டையை வாங்கி மடியில் வைத்துக்கொள்ள யாரும் இல்லை. நேரில் சொல்லாததை இங்கேயே சொல்லி, இதைப் படிக்கிற ஊர்க்காரர்கள் எல்லோரையும் சாட்சியாக வைத்து உனக்கு விடை கொடுக்கிறேன். மாதா என்னை மன்னிக்கட்டும்.

அக்கா, நான் கைய எடுத்துட்டேன். நீ பாட்டுக்கு மிதந்துகிட்டு இருந்தேக்கா.