இடுப்பு வலிக்கு நூற்றெட்டுச் சுற்று

என் வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி வந்தது, நாங்கள் ஜெர்மனியில் போய் இறங்கிய பத்தாவது நாள். அன்றைக்குத்தான் முதல்முதலாக அரிசி வாங்கப் போனோம். நம்மூர் அரிசி விற்கிற கடை டிராமில் ஏழு நிறுத்தம் தள்ளி இருந்தது. எங்கள் வீடு மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. படிக்கட்டு அடியில் வந்ததும் பத்து கிலோ பையைக் கீழே வைத்தார், இடுப்பைப் பிடித்தார், “அய்யோ” என்றார். கல்யாணமாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. பதறிப்போய் நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். தைலமும் தேய்த்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

அந்த வலிக்கு நல்ல விவரம் உண்டு. அழுக்குத்துணிக் கூடையை நிலவறையில் இருக்கும் மிஷினுக்குக் கொண்டுபோக வேண்டும் என்றால் வந்துவிடும். குப்பையை நாலு வகையாகப் பிரித்து நாலு தொட்டியில் போட வேண்டும் என்றாலும் வந்துவிடும். அந்த ஊரில் படிக்கட்டை வாரம் ஒரு வீட்டார் முறை வைத்துத் துடைக்க வேண்டும். முறை யாருக்கோ, அவர் வீட்டுக் கதவில் ஒரு சின்னப் பலகை தொங்கும். எங்கள் கதவில் பலகையைப் பார்த்ததுமே அவர் சோபாவில் சாய்ந்துவிடுவார். நானும் பாதி நாள் மருந்துக் கிட்டங்கியில் பெட்டி கட்டுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். வந்து மூன்று மாடியையும் துடைப்பேன். சனிக்கிழமை மட்டும் வலி லீவு எடுத்துக்கொள்ளும். அன்றைக்குப் பூங்காவில் நம்மூர்ப் பையன்களோடு கிரிக்கெட். வேகப்பந்து போடுவார்.

இதைக்கூடப் பொறுத்திருப்பேன். ஞாயிற்றுக்கிழமை நடந்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. அன்றைக்குத்தான் சங்கரன்கோவிலில் இருக்கும் அத்தையிடம், அதாவது அவர் அம்மாவிடம், வீடியோவில் பேசுவார். போனைக் கழுவுதொட்டிக்கு மேல் அலமாரியில் சாய்த்து வைப்பார். சட்டைக் கையை மடித்துக்கொண்டு, நான் கழுவிக் கவிழ்த்த தம்ளர் இரண்டை எடுத்து நுரை பொங்கத் தேய்ப்பார். அந்தப் பக்கம் அத்தை, “எய்யா, ஒன்னய வேல செய்ய விட்டுட்டு அவ என்ன பண்ணுதா?” என்று கண்ணைத் துடைப்பாள். இவர், “பரவால்லம்மா, அவளுக்கு முடியலையாம்” என்பார். நான் கீழே குப்பைத்தொட்டிப் பக்கம் நின்றுகொண்டிருப்பேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவரைக் கேள்விப்பட்டிருக்கிறேன். இவர் அந்தச் சோற்றையும் என்னையே வடிக்கச் சொன்னவர்.

நான் கழுவிய தம்ளரில் ஞாயிறுதோறும் நுரை ஏன் ஒட்டியிருக்கிறது என்று யோசித்ததோடு சரி. இந்த நாடகம் எனக்குத் தெரியவந்தது மூன்று வருடம் கழித்து, முதல் லீவில் ஊருக்கு வந்தபோதுதான். ஆனிக் கடைசி முகூர்த்தத்தில் புளியங்குடியில் ஒரு கல்யாணம். பந்தியில் என் அம்மா இலை முன்னால் உட்கார்ந்திருந்தாள். அத்தை எதிர் வரிசையிலிருந்து எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்: “மயினி, புள்ளைய எப்படி வளத்திய? அங்கன எம்புள்ள பாத்திரம் வெளக்குதான், ஒங்க மக மகாராணியா இருக்கா. நான் இந்தக் கண்ணால பாத்தேன்.” சுற்றியிருந்த பெண்கள் சிரித்தார்கள். என் அம்மா பாயசத்தை அப்படியே விட்டுவிட்டு இலையை மூடி எழுந்தாள். அப்பா போன பிறகு தனியாளாக என்னைப் படிக்க வைத்தவள் அவள். நான் அவரைப் பார்த்தேன். அவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

பொறுத்தார் பூமி ஆள்வாராம். எனக்குப் பூமி வேண்டாம். என் அம்மா தலைகுனிந்ததற்குப் பதில் வேண்டும். அதே பெண்கள் முன்னால் வேண்டும்.

மறுநாள் காலையில் அத்தை வீட்டில் பல் தேய்க்கும்போதே சங்கரன்கோவில் அம்மனிடம் நேர்ந்துகொண்டேன். அம்மன் பெயரில் பொய் சொல்லக் கூடாதல்லவா? முகத்தைத் துடைத்துவிட்டு அடுப்படிக்கு வந்தேன். அவர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்.

“அத்தை, இவருக்கு மூணு வருசமா இடுப்பு வலி. சரியாச்சுன்னா கோயில ஆடிச்சுத்து நூத்தியெட்டு சுத்த வைக்கேன்னு அம்மனுக்கு நேந்திருக்கேன்.”

காப்பி அவருக்குப் புரையேறியது.

அத்தை கரண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். “ஏலே, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே! படுலே. புத்துமண்ணக் கொழச்சுப் பத்துப் போடுதேன். இந்த இடுப்ப வச்சிக்கிட்டு எப்படிலே பிளேன்ல போவ? லீவ நீட்டச் சொல்லு.”

ஒரு மாதம் புற்றுமண் பூசிக்கொண்டு குப்புறக் கிடப்பதை நினைத்துப் பார்த்திருப்பார் போல. “எம்மா, இப்ப வலி இல்லம்மா! சுத்தமா போயிட்டு!” என்று குதித்து எழுந்தார்.

“போயிட்டா? அப்ப சுத்தணும்லா” என்றாள் அத்தை.

ஆடித் தபசுக்குக் கொடியேறியதும் சுற்றுகிறவர்கள் கூட்டம் சேர்ந்துவிடும். அவரும் காலை ஆறு மணிக்கு வேட்டியைக் கட்டிக்கொண்டு தொடங்கினார். அத்தை பிரகாரத் தூண் ஓரமாக உட்கார்ந்து, மஞ்சள் பையில் நூற்றெட்டுப் புளியங்கொட்டை வைத்திருந்தாள். மகன் தாண்டும்போதெல்லாம் ஒரு கொட்டையை எடுத்து முன்னால் போடுவாள். நான் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன். கொஞ்சம் தள்ளிக் கல்யாண வீட்டுப் பெண்கள் நாலைந்து பேர், தங்கள் சுற்றை முடித்துவிட்டுக் காலை நீட்டியிருந்தார்கள்.

முப்பதாவது கொட்டை விழுந்தபோது அத்தை கேட்டாள். “இடுப்பு வலின்னா, அரிசிப் பைய யாரு தூக்குனா?”

“நாந்தான் அத்தை. மூணு மாடி.”

இன்னும் இரண்டு கொட்டை. “துணி?”

“நாந்தான். படிக்கட்டு தொடைக்கதும் நாந்தான்.”

“பாத்திரம் அவன் வெளக்குதானே? நான் பாத்தேனே?”

“ஞாயித்துக்கிழம ரெண்டு தம்ளர் அத்தை. ஒங்களுக்குக் காட்ட. அதுவும் நான் கழுவி வச்சது. சனிக்கிழம கிரிக்கெட்டு வெளையாடுத போட்டோ பாக்கியளா?”

போனை நீட்டினேன். காற்றில் பறந்து பந்து போட்டுக்கொண்டிருந்தார். அத்தை போனைக் கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தாள். போனை என் மடியில் வைத்தாள். கொட்டை விழுந்துகொண்டே இருந்தது. கல் தரை சுட ஆரம்பித்தது. அவர் குதிகாலைத் தூக்கித் தூக்கி நடந்தார். என் வயிற்றில் பால் வார்த்தது போல இருந்தது.

எழுபது தாண்டியதும் அத்தை அந்தப் பெண்கள் பக்கம் திரும்பினாள். “ஏட்டி, கேளுங்க. புளியங்குடியில நான் சொன்னது பொய்யி. எம் மருமவதான் அங்கன மூணு மாடி அரிசி தூக்குதா. எம்புள்ள என்னய ஏமாத்திட்டான்.” ஒருத்தியும் சிரிக்கவில்லை. பிறகு என்னிடம் தாழ்ந்த குரலில், “இன்னிக்கே ஒங்கம்மா வீட்டுக்குப் போவோம். நான் நேர்ல சொல்லுதேன்” என்றாள்.

“அவரும் வரணும் அத்தை.”

“வருவான்.”

பையையும் கொட்டைக் குவியலையும் என் பக்கம் தள்ளினாள். “எனக்கு அம்மன் சன்னதியில பொய் சொல்ல வராதுட்டி. இனிமே நீ எண்ணு.” கண்ணை மூடிக் கும்பிட ஆரம்பித்துவிட்டாள்.

குவியலை எண்ணிப் பார்த்தேன். எழுபத்தொன்பது. பத்து கிலோ, மூன்று மாடி என்று கணக்குப் போட்டு முப்பது கொட்டையை எடுத்துத் திரும்பப் பையில் போட்டேன். கூடச் சுற்றினால் அம்மன் வேண்டாம் என்றா சொல்லப்போகிறாள்?

அவர் வேர்த்து விறுவிறுத்து வந்து தூணைப் பிடித்துக்கொண்டார். “எத்தன ஆச்சு? எம்பது இருக்கும்லா?”

“நாப்பத்தொம்பது” என்றேன்.

நம்பாமல் அம்மாவைப் பார்த்தார். அத்தை கண்ணைத் திறக்கவில்லை. அவர் மெல்ல இடுப்பில் கையை வைத்தார்.