பாயிண்டில் வைத்த பொட்டு

என் கணவரின் அண்ணனை, அத்தான் என்று வாயால் கூப்பிட்டேனே தவிர, எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. எழுபதுகளின் கடைசியில், ஓர் ஆயுதபூஜை சாயங்காலத்துக்குப் பிறகு அந்த ஆள் முகத்தில் முழிக்கவே வெறுத்துப்போயிற்று.

அன்றைக்கு எனக்கு வலி கண்டுவிட்டது. குழந்தை குறுக்கே கிடக்கிறது, உடனே பாளையங்கோட்டை பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள், இல்லையென்றால் இரண்டு உயிரும் தங்காது என்று வீட்டுக்கு வந்து பார்த்த சங்கரன்கோவில் டாக்டரம்மா சொல்லிவிட்டார். அத்தானின் கார் காலையில் பூஜை போட்டபடி வாசலில் நின்றது. பின் சீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடந்தேன்.

செல்ஃப் நன்றாகச் சுற்றியது, இஞ்சின் பிடிக்கவில்லை. அப்படியென்றால் பேட்டரியில் குறையில்லை. பெட்ரோல் வாடை மூக்கைத் துளைத்தது, அதுவும் ஒழுங்காக வருகிறது. என் கணவர் பிளக் வயரைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "அண்ணே, பொறியே வரல" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. காலையில் அத்தான் பானெட்டைத் திறந்து ஒன்று விடாமல் சந்தனம் அப்பினார். டிஸ்ட்ரிபியூட்டர் மூடியைக்கூடக் கழற்றி, பொறி உண்டாகிற பாயிண்டிலும் ஒரு பொட்டு வைத்தார். நான் லாரி ஓட்டியவரின் மகள். அங்கே தூசி பட்டாலே வண்டி படுத்துவிடும் என்று அப்போதே சொன்னேன். பொம்பளைக்கு என்ன தெரியும் என்று விரட்டினார்.

"மூடிக்குள்ள இருக்க சந்தனத்தத் தொடைங்க அத்தான்" என்றேன்.

"நாளைக்குக் கற்பூரம் காட்டாம சாமிக்கு வச்சதத் தொடப்பிடாது. சும்மா கெட ஏட்டி!"

வண்டியை எடுக்கலாமாம், பொட்டை மட்டும் தொடக்கூடாதாம். என் கணவர் கையில் துணியோடு அண்ணன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண்டாட்டி செத்தாலும் அண்ணன் உத்தரவு வேண்டும் அவருக்கு. அந்த நிமிஷம் இரண்டு பேரையும் ஒருசேர வெறுத்தேன்.

வயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன். துணியைப் பிடுங்கி, மூடியைக் கழற்றி, பாயிண்டில் காய்ந்து கிடந்த சந்தனத்தை நகத்தால் சுரண்டித் துடைத்தேன். "பாவி, பாவி" என்று அத்தான் கத்தினார். மூடியை மாட்டிவிட்டு, "இப்ப எடுங்க" என்றேன். உடனே வண்டி பிடித்துக்கொண்டது.

ஆபரேஷன் செய்து குழந்தையை உயிரோடு எடுத்தார்கள். பெண் குழந்தை. ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்த அத்தான் தொட்டிலை எட்டிப் பார்த்தார்.

"சாமி சந்தனத்தத் தொடச்சியே, அதான் பொட்டப் புள்ளையாப் போச்சு" என்றார்.

தையல் போட்ட வயிறு சுள்ளென்று வலித்தது. "அப்படின்னா அடுத்த பிள்ளைக்கும் நானே தொடைக்கேன் அத்தான்" என்றேன்.