எதை இறக்கி வைப்பது?

போன செவ்வாய்க்கிழமை காலை, ஸ்டுட்கார்ட்டில் எஸ்-பான் ரயிலுக்குக் காத்து நின்றபோது பத்மா அக்காவின் மகள் கூப்பிட்டாள். "அன்ரி, அம்மா போயிட்டா." வந்த ரயிலில் நான் ஏறவில்லை.

அக்காவை உங்களில் பலர் இந்த ஊர்க் கோயில் சமையலில் கண்டிருப்பீர்கள். எனக்கு அவர் முதியோர் இல்லத்து வேலைத்தோழி. ஜெர்மன் மொழியை அவர் வகுப்பில் படிக்கவில்லை. முதியவர்களின் கட்டிலருகே நின்று பிடித்துக்கொண்டார்.

ஒரு காலத்தில் அவருக்குத் தாங்கமுடியாத தலையிடி. குடும்ப டாக்டர் பிரஷருக்கு எழுதிக்கொடுத்த குளிசை போட்டும் குறையவில்லை. ஒரு சீன வைத்தியப் பெண்மணியிடம் போனார். காற்று தலைக்கு ஏறியிருப்பதாகச் சொல்லி, தூண்டில் முள்போல வளைந்த குச்சிகளும் உலர்ந்த கிழங்குச் சீவல்களும் கலந்த கசாயப் பொட்டலம் கொடுத்தாராம்.

"எங்கட வாய்வுதான் பிள்ளை. சீனாவுக்கும் போயிட்டுது," என்று அக்கா இடைவேளையில் சிரித்தார்.

சில நாட்களில் அவர் முகம் சிவந்து கிடந்தது. பிரஷரை அளந்து பார்த்துப் பயந்துவிட்டேன்.

"குளிசை போட்டனீங்களோ அக்கா?"

"இல்லை. அந்தச் சீன மனுசி 'அப்செட்சன்' எண்டு சொன்னவ. ரெண்டும் ஒண்டாச் சேராதுதானே."

எங்கள் இல்லத்தில் அந்த ஜெர்மன் சொல்லுக்கு ஒரே பொருள்: மருந்தை நிறுத்துவது. நான் அந்த வைத்தியருக்கு உடனே தொலைபேசி எடுத்தேன். அவர் பதறிப்போனார். கசாயம் கொதித்ததும் சட்டியை அடுப்பிலிருந்து இறக்கி வைக்கத்தான் சொன்னாராம். அதற்கும் அதே சொல். குளிசையை விடவே கூடாது, இன்றைக்கே குடும்ப டாக்டரைப் பார்க்கவேண்டும் என்றார்.

அக்கா தலையில் கைவைத்தார். "சட்டியை இறக்கச் சொல்ல நான் குளிசையை இறக்கிப்போட்டன்!"

குடும்ப டாக்டர் குளிசையை மாற்றிக் கொடுத்தார். தலையிடி மெல்லக் குறைந்தது. அக்கா கசாயத்தைத்தான் புகழ்ந்தார்; எது குறைத்ததோ, எனக்குத் தெரியாது. அதற்குப் பிறகு ஜெர்மனில் யார் என்ன சொன்னாலும் "எதை?" என்று கேட்காமல் விடமாட்டார். மேற்பார்வையாளர் சலித்துக்கொண்டால் என்னிடம் தமிழில் சொல்வார்: "கேக்காமல் விட்டுத்தானே எனக்குப் பிரஷர் ஏறினது."

கடைசியில் வந்தது புற்றுநோய். ஆஸ்பத்திரி டாக்டர் தணிந்த குரலில் அதே 'அப்செட்சன்' என்ற சொல்லைச் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன்.

"எதை?" என்று அக்கா கேட்டார்.

நோவுக்கான மருந்தைத் தவிர எல்லாவற்றையும் என்றார் டாக்டர்.

அக்கா என் பக்கம் திரும்பினார். "இந்தமுறை சட்டி இல்லை பிள்ளை. குளிசைதான்."

கசாயச் சட்டி மகளிடம் இருக்கிறது. என்னிடம் இருப்பது அந்தக் கேள்வி. நேற்று இல்லத்துக்கு வந்த டாக்டர் ஒரு முதியவரின் பெயரைச் சொல்லி, அதே சொல்லைச் சொல்லிவிட்டுக் கதவை நோக்கி நடந்தார். நான் அதைக் குறித்துக்கொள்ளப் பேனாவை எடுக்கவில்லை. அவர் வழியில் போய் நின்று கேட்டேன்: "எதை?"